மூக்கடைப்பின் வேர் எங்கே?
(நிலக்கோட்டையில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஏலாதி, சிறுபஞ்சமூலம் என அறநூல்களுக்கே மருந்தின் பெயரை இட்டவர்கள் நம் சமணப் புலவர்களாகிய கணிமேதாவியாரும் காரியாசானும். அவர்கள் நாடியது உளப்பிணி. நான் இன்று பேச விழைவது உடற்பிணி. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை எனலாம். ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்ததால் நீளும் துன்பம் இது. ஆகவே வேலை உண்டு.

"எனக்குச் சைனஸ்" என்கிறோம். சைனஸ் என்பது நோயின் பெயரன்று. முகவெலும்புக்குள் எல்லார்க்கும் உள்ள காற்றறைகளின் பெயர். நெற்றி, கன்னம், கண்களின் இடைப்பகுதி, மூக்கின் பின்புறம் என அவை நான்கு இணைகள். உட்சவ்வில் சுரக்கும் சளியை நுண்மயிர்கள் ஓயாது வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. கன்ன அறையின் வாயிலோ அடியில் இல்லை, மேலே இருக்கிறது. ஏற்றம் இறைத்த கிணற்றுநீர் போலச் சளி மேலேறியே வெளிவர வேண்டும். வாயில் வீங்கி அடைபட்டால் சளி தேங்கும். இதனைச் சித்த மருத்துவம் பீனிசம் என்னும். 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்டது என்பர். அப்போது கிருமிக்கொல்லி மாத்திரையை மீண்டும் மீண்டும் விழுங்குவதை விடுத்து, வாயிலை அடைத்தது எது என்று கேட்பதே முறை.

நம்மூரில் பழி முழுவதும் மல்லிகைமேல் விழுகிறது. மல்லிகையின் மகரந்தம் காற்றில் பரவும் இயல்பினதன்று. அதன் மணம் சிலர் மூக்கை உறுத்தலாம். ஆயினும் ஒவ்வாமைக்குச் சீமைக்கருவேலத்தையும், தரிசில் மண்டிய பார்த்தீனியத்தையும், மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியையுமே முதலில் ஐயுற வேண்டும். மெத்தையை ஈரமின்றி வைத்தால் அவை பெருகா; பெருக இடந்தராமை நம் நெறிக்கும் உகந்தது. கதவடைத்த பூசையறையின் சாம்பிராணிப் புகையையும் கணக்கில் சேர்க்க.

மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கலாம். திராட்சைபோல் சதை வளர்ந்திருக்கலாம். சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும், ஆஸ்பிரின் விழுங்கினால் மூச்சுத்திணறலும் சேர்ந்து வருவதுண்டு. மூன்றையும் ஒரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

பல்லை எவரும் நினைப்பதில்லை. என் உறவுக்கார அம்மையார் ஒருவர்க்கு இடக்கன்னத்தில் மட்டும் வலி; மூக்கில் தீநாற்றம். ஈராண்டுகள் ஆவி பிடித்தார், மாத்திரை உண்டார். பூண்டுப்பால் அருந்தச் சொன்னோரும் உளர், அது நமக்காகாது! இறுதியில் மேல்கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் எனக் கண்டனர். அவ்வேர்கள் கன்ன அறையின் தரையைத் தொட்டு நிற்பவை. இங்கிலாந்து மருத்துவர் ஹைமோர் 1651ஆம் ஆண்டிலேயே இவ்வறையை விரித்தெழுதினார். ஒருபக்கம் மட்டும் தொல்லை எனில் பல் மருத்துவரையும் காண்க.

மருந்தே காரணமாவதும் உண்டு. அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், அது தீர்ந்தவுடன் மூக்கு முன்னிலும் மிகுதியாக அடைக்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் அடைப்பு.

நம் இல்லங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. கேப்சூலின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். அதனை அறிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லாதிருப்போர் நம்மிடையே உளர். நோய் தங்கிவிடுகிறது, மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் வேறொன்றை எழுதுகிறார். நாணுவானேன்? பல மருந்துகள் மாத்திரையாகவோ நீர்மமாகவோ கிடைக்கின்றன. சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

நம் மரபு கைகொடுக்கும் இடமும் உண்டு. உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் பலர்க்கு நலம் தரும். அதற்கு வடிகட்டிக் காய்ச்சி ஆற்றிய நீரே வேண்டும். தூய்மையற்ற நீர் மூக்கினுள் ஏறினால், அரிதாயினும், மூளையைத் தாக்கும் அமீபா நுழையலாம். கேரளத்தில் அந்நோயால் அண்மை ஆண்டுகளில் உயிர்கள் மாண்டன.

சர்க்கரை நோயுள்ளோர்க்கு ஒரு சொல். 2021இல் கொரோனாவை அடுத்து வந்த கருப்புப் பூஞ்சை நோய் இவ்வறைகள் வழியாகவே கண்ணுக்கும் மூளைக்கும் பரவியது. கண்வீக்கம், இரட்டைப் பார்வை, கன்ன மரப்பு, மூக்கில் கரும்பொருக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விழாவென்றும் நோன்பென்றும் நாள் தள்ளாது, திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அன்றே புறப்படுக.