செம்பாறைப் பாலையில் ஒரு காட்சிமுனை



ஓரிடத்தைக் கண்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை நாள் தங்கினீர்கள் என்று கேட்பது உலக வழக்கம். வண்டியை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன் என்பாரானால், கேட்பவர் முகத்தில் சிறிது ஏளனம் தோன்றும். நடந்து கண்டதே காட்சி, நின்று கண்டது பெயருக்குத் தலைகாட்டிய அளவே என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் எல்லா இடங்களுக்கும் பொருந்துமா? பொருந்தாத இடம் ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கு வடக்கே 5 மைல் சென்றால் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாயில். ஆர்ச்சஸ் என்றால் வளைவுகள். காற்றும் நீரும் பாறையைக் குடைந்து ஆக்கிய வளைவுகள் 2,000-க்கு மேல் அங்கே உள்ளன. திறப்பு ஏதேனும் ஒரு திசையில் 3 அடியாவது இருந்தால்தான் அதை வளைவென்று கணக்கிற் சேர்ப்பார்கள். 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் அந்நிலத்தில் ஒரு பகுதியைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். பின்னர் எல்லை விரிந்து, 1971-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. பரப்பு ஏறத்தாழ 120 சதுர மைல். பூங்கா என்றதும் நம் மனத்தில் எழும் மலர்ப்பாத்தியும் புல்தரையும் அங்கே இல்லை. ஆண்டுக்கு 8 முதல் 10 அங்குல மழையே பெறும் பாலை நிலம் அது.

வாயிலைக் கடந்தவுடன் சாலை செங்குத்தான பாறைமுகத்தில் கொண்டையூசி வளைவுகளாக மேலேறுகிறது. ஏறி முடித்து, மொத்தம் இரண்டரை மைல் அளவில் வலப்புறம் வண்டிகள் நிற்க ஓர் இடமும், அதையொட்டித் தளமிட்ட சிறு நடைபாதையும், ஒரு விளக்கப் பலகையும் தென்படும். அதுவே லா சால் மலைக் காட்சிமுனை. அங்கே கடை இல்லை, கூரை இல்லை. முதன்முறை வருவோர் பலர் இதனை நிறுத்தாமல் கடந்து, புகழ்பெற்ற வளைவுகளை நாடி விரைவர். வளைவு எதையும் இங்கே அருகிற் காண இயலாது என்பது உண்மைதான். ஆயினும் வளைவுகள் ஏன் உண்டாயின என்பதை அறிய, இதைவிட ஏற்ற இடம் அச்சாலையில் வேறு உண்டோ என ஐயுறுகிறேன்.

நடைபாதையின் விளிம்பில் நின்று, அருகிலிருந்து தொலைவுக்குப் பார்வையைச் செலுத்துவோம். காலடியில் சிவந்த மணல். அதில் இடைவெளி விட்டு விட்டு வளர்ந்த குட்டைப் புதர்கள். அவற்றுக்கு அப்பால் வெளிறிய பாறைத்திட்டுகள் அலையலையாகக் கிடக்கின்றன. இவை ஒரு காலத்தில் காற்றில் நகர்ந்துகொண்டிருந்த மணற்குன்றுகள். மேலே படிந்தவற்றின் பாரத்தால் இறுகிப் பாறையாகி, பின்னர் அப்படிவுகள் அரிக்கப்பட்டதும் பழைய வடிவத்தோடு வெளிப்பட்டவை. மற்றொரு பக்கம் திரும்பினால் செங்குத்தாக எழுந்த பெரும்பாறைகள். மூவர் தலையைச் சாய்த்துக் கூடிப் பேசுவது போன்ற பாறைக்கு ‘வம்பளக்கும் மூவர்’ என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். அருகே செம்மறியாடு போன்ற பாறை ஒன்றும், பாபெல் கோபுரம் எனப் பெயர் பெற்ற மதில் போன்ற பாறை ஒன்றும் உள்ளன. செம்மறிப் பாறை, இடிந்து போன பழைய வளைவு ஒன்றின் எச்சமாகலாம் என அறிஞர் கருதுவர்.

இவற்றையெல்லாம் கடந்து, தென்கிழக்கில் 20 மைலுக்கு அப்பால் லா சால் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரமாகிய பீல் 12,721 அடி. முன்னே வெயிலில் காயும் செம்பாறை; பின்னே, வேனில் தொடங்கும் வரையிலும் வெண்பனி. இரண்டையும் ஒரே பார்வையிற் காணும்போது, எது அருகில், எது தொலைவில் என்பது கூடச் சற்றுத் தடுமாறும். காற்று அவ்வளவு தெளிவு.

தில்லியிலும் ஆக்ராவிலும் வாழும் நேயர்களுக்குச் செந்நிற மணற்கல் புதியதன்று. செங்கோட்டையின் மதிலும் பத்தேபூர் சிக்ரியின் மாளிகைகளும் அக்கல்லால் ஆனவையே. அங்கும் இங்கும் சிவப்புக்குக் காரணம் ஒன்றே. மணல்மணிகளின் மீது மெல்லிய போர்வையாகப் படிந்த இரும்புத் துருவே அந்நிறத்தைத் தருகிறது. நம் நாட்டில் உளி கொண்டு மதிலாக்கிய அதே வகைக் கல்லை, யூட்டாவில் உளியின்றியே இயற்கை மதிலாக்கி நிறுத்தியிருக்கிறது.

எவ்வாறு நிறுத்தியது? விடை அந்த மலையின் பெயரிலேயே தற்செயலாக அமைந்துள்ளது. லா சால் என்பது ஸ்பானிய மொழியில் உப்பைக் குறிக்கும். இப்பாலையின் அடியில் கிடப்பதும் உப்பே. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இப்பகுதியிற் புகுவதும், வற்றிப்போவதும், மீண்டும் புகுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை வற்றும்போதும் உப்பு தங்கியது. அது சேர்ந்து சேர்ந்து ஆயிரக்கணக்கான அடி தடித்தது. அதன்மேல் மணலும் சேறும் படிந்து பாறையாயின. உப்பு பார்வைக்குக் கல் போன்று தோன்றினும், பெரும்பாரம் அழுத்தினால் பனியாறு போல் மெல்ல நகரும் இயல்புடையது. பாரம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது நகர்ந்து, மேற்பாறையை முதுகு போல் உயர்த்தியது. உயர்ந்த பாறையில் இணையிணையாக நீண்ட வெடிப்புகள் விழுந்தன. பிறகு நிலத்தடி நீர் உப்பைக் கரைக்க, ஆங்காங்கே முதுகு உள்வாங்கிப் பள்ளத்தாக்காயிற்று. வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது; இரவுக் குளிரில் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்தது; மணல்மணிகளைப் பிணைத்திருந்த சுண்ணாம்பையும் சிறிது சிறிதாகக் கரைத்தது. வெடிப்புகளுக்கு இடையே எஞ்சியவை மீன்துடுப்புகளைப் போன்ற மெல்லிய பாறைச் சுவர்கள். அச்சுவரின் நடுவே மென்மையான பகுதி உதிர்ந்தால் துளை விழும். துளை வளர்ந்தால் வளைவாகும்.

மலையோ வேறு வழியில் வந்தது. நிலத்தின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து, வெளியேற இயலாமல் உள்ளேயே குளிர்ந்து இறுகி, மேலிருந்த படிவுகள் அரிக்கப்பட்ட பின்னர் வெளிப்பட்டது அது. கடலின் உப்பு, காற்றின் மணல், மண்ணுக்குள் மூண்ட நெருப்பு ஆகிய மூன்றும் விளைத்தவற்றை ஓரிடத்தில் நின்று காண்கிறோம். கீழே பள்ளத்தில் நடப்பவனுக்கு இருபுறமும் மதிலே தோன்றும்; முழு உருவம் தோன்றாது.

இக்காட்சி நிலையானது என்று எண்ணிவிடக் கூடாது. 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், 300 அடி அளவு அகன்ற லேண்ட்ஸ்கேப் என்னும் வளைவின் அடியிலிருந்து 60 அடி நீளமுள்ள கற்பாளம் வீழ்ந்தது. அதன்பின் அவ்வளவின் கீழே செல்லும் பாதையை மூடிவிட்டனர். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவில், 71 அடி அகலமுள்ள வால் என்னும் வளைவு முழுவதுமே இடிந்து வீழ்ந்தது. விழக் கண்டவர் ஒருவருமில்லை. மறுநாள் வந்தவர்கள் கற்குவியலையே கண்டார்கள். வளைவுகளை ஆக்கிய நீரும் குளிருமே அவற்றை அழிக்கின்றன. அதை மனிதன் தடுக்க இயலாது. தடுக்க வேண்டியதும் இல்லை.

மனிதன் தடுக்க வேண்டிய அழிவு வேறொன்று உண்டு. அது காட்சிமுனையின் நடைபாதை ஓரத்திலேயே, நம் காலணிக்கு அருகிலேயே இருக்கிறது. புதர்களுக்கு இடைப்பட்ட மணலைக் குனிந்து நோக்கினால், கறுத்துக் கரடுமுரடான மேலோடு ஒன்று தெரியும். கருகிய மண் என எண்ணத் தோன்றும். அது உயிருள்ள தோல். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்களும், பாசியும், லைக்கன் என்னும் கூட்டுயிர்களும் சேர்ந்து அமைத்த தோல். அந்நுண்ணுயிர்களின் இழைகள் மணலைத் தைத்துப் பிடித்து, காற்றும் வெள்ளமும் வாரிச் செல்லாமல் காக்கின்றன. மழைத்துளியைத் தேக்குகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகள் உண்ணத்தக்க உரமாக்குகின்றன. இத்தோல் இல்லையேல் அப்பாலையில் புதரும் இல்லை. புதரை நம்பி வாழும் முயலும் பறவையும் இல்லை. படம் எடுப்பதற்கென்று ஒருவர் பாதையை விட்டு நாலடி உள்ளே வைத்தால் போதும், அத்தோல் பொடியாகிறது. மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வளைவு வீழ்ந்தால் செய்தித்தாளில் வரும். காலடியில் அழியும் இத்தோலுக்கு எழுதுவார் இல்லை.

ஆகவேதான், சாலையோரத்து முனையை எளியவர்க்கென ஒதுக்கிய தாழ்ந்த இடமாகக் கருதலாகாது என்கிறேன். பல இலட்சம் பேர் வந்தும் அந்நிலம் பிழைத்திருக்க வேண்டுமானால், பெரும்பாலோர் நிற்பதற்கென ஒரு தளம் வேண்டும்.

இதற்கு எதிர்வழக்கும் உண்டு; அது வலிமையுடையது. 1956, 1957-ஆம் ஆண்டுகளில் இப்பூங்காவில் பருவகாலக் காவலராகப் பணியாற்றிய எட்வர்டு ஆபி என்பவர், அவ்வனுபவத்தை 1968-இல் ‘டெசர்ட் சாலிடெர்’ என்னும் நூலாக எழுதினார். அவர் காலத்தில் அங்கே மண்பாதைதான். 1958-இல் வாயிலிலிருந்து தளமிட்ட புதிய சாலை வந்தது. சாலை வந்தால் வண்டி வரும், வண்டி வந்தால் தனிமை போகும் என்று அவர் எச்சரித்தார். வண்டிகளை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, நடந்தோ, மிதிவண்டியிலோ, குதிரையிலோ செல்லட்டும் என்றார். அவர் அஞ்சியது நடந்தது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். உள்ளே இடமின்றிப் பல நாட்கள் வாயிலைச் சிலமணி நேரம் மூட நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், குறித்த நேரத்துக்கு முன்பதிவு செய்தவரையே உள்ளே விடும் முறையைப் புகுத்தினார்கள்.

ஆபியின் வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அவர் சொன்னபடி நடந்திருந்தால், அம்மலையை யார் கண்டிருப்பார்? வலிய கால் உடையோர் மட்டுமே. வலிய கால் இல்லாதவருக்கும் அந்நிலத்தில் பழைய உரிமை உண்டு. ஜான் வெஸ்லி வுல்ஃப் என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் புண்பட்ட முதியவர். வறண்ட காற்று உடம்புக்கு நலம் தரும் என்று நாடி, 1898-இல் தம் மகனுடன் இங்கே குடியேறினார். 1906-இல் வந்த மகள், தந்தை வாழ்ந்த குடிசையின் நிலை கண்டு வருந்தி, மரத்தளம் இட்ட புதிய குடிலைக் கட்டச் செய்தாள். 1910 வரை அக்குடும்பம் அங்கு வாழ்ந்தது. அக்குடிலை இன்றும் பூங்காவில் காணலாம். அருகேயுள்ள பாறையில், அவர்களுக்கும் முன்னே அந்நிலத்தில் வாழ்ந்த யூட் மக்கள் செதுக்கிய குதிரை வீரர் உருவங்கள் உள்ளன.

இந்நாளில் நம் நேயர்களில் பலர் இல்லத்துப் பிள்ளைகள் அமெரிக்காவில் பணிபுரிகிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் தாய் தந்தையரை விடுமுறையில் இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. முழங்கால் நோவுடைய அம்மாவை வண்டியிலேயே அமர்த்திவிட்டு, இளையோர் மட்டும் மூன்று மைல் நடந்து வளைவைக் கண்டு திரும்புவதும் நடக்கிறது. அவ்வாறு செல்லும் பெற்றோர் நேயர்களுக்குச் சில சொற்கள் சொல்லி முடிக்கிறேன்.

கோடையில் அங்கே வெயில் பாரன்ஹீட் 100 பாகையைத் தாண்டும். ஆதலின் இளவேனிலோ இலையுதிர் காலமோ நன்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்பது அங்குள்ள கணக்கு. பூங்காவுக்குள் உணவு விற்பார் இல்லை. மோவாபிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். உயரமான இடமாதலால் மூச்சு சற்று வாங்கும். மெல்ல நடப்பது நலம்.

எல்லாவற்றினும் முக்கியமாக, லா சால் காட்சிமுனையில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மாலை நேரமாக இருக்கட்டும். மடக்கு நாற்காலி ஒன்று போதும். மேற்கே சாயும் கதிர் பாறைகளின் சிவப்பை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றும். வம்பளக்கும் மூவரின் நிழல் மணலில் நீளும். எல்லாம் இருண்ட பின்னும் லா சால் சிகரங்களில் ஒளி தங்கியிருக்கும். நடந்து களைத்துத் திரும்பும் இளையோர், எதைக் கண்டீர்கள் என்று உங்களைக் கேட்பார்கள். அவர்கள் தொட்டுவிட்டு வந்த வளைவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை, அங்கே அமர்ந்தபடியே நீங்கள் அவர்களுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். அப்படியே, பேரக்குழந்தையின் கால் பாதையை விட்டு அக்கரிய மண்ணில் படாமல், கையையும் பற்றிக்கொள்ளலாம்.