ஒரே வேலையும் ஆட்டிசம் உடையோரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழாவில் வெற்றிகளைப் பேசுவது வழக்கம். நமது இரவுப் பாடசாலையில் பயின்று பட்டம் பெற்றோரையும் ஆசிரியரானோரையும் அரசுப் பணி ஏற்றோரையும் பற்றி முன்னர்ப் பேசியவர்கள் விரிவாகவே எடுத்துரைத்தார்கள். அந்தப் பட்டியலில் இடம் பெறாத ஒருவரைப் பற்றிப் பேசவே நாம் வந்திருக்கிறோம்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் நமது பாடசாலைக்கு ஒரு சிறுவன் வந்தான். வந்தவுடன் சிலேட்டுகளையெல்லாம் சுவரோரமாக வரிசைப்படுத்துவான். யாரேனும் ஒன்றை இழுத்துவிட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுவான். பதினாறாம் வாய்பாட்டை மட்டும் ஓயாமல் ஒப்பிப்பான். கேட்ட கேள்விக்கு விடை சொல்லமாட்டான். மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது என்று மூன்றாம் மாதத்தில் அவனை அனுப்பிவிட்டோம். அனுப்ப வேண்டும் என்று சொன்னவர்களில் நாமும் உண்டு.

அவன் தன் தந்தையுடன் செங்கல் சூளைக்குச் சென்றான். அறுத்துக் காயவைத்த பச்சைக் கல்லைக் களத்திலிருந்து எடுத்து அடுக்கும் வேலை. அவன் அடுக்கிய வரிசையில் ஒரு கல் கோணாது. “இவனுக்கென்றே ஏற்பட்ட வேலை ஐயா இது. சோறு போட்டால் போதும், நாளெல்லாம் அடுக்குவான், சலிப்பே கிடையாது” என்று மேஸ்திரி ஒருமுறை நம்மிடமே பெருமையாகச் சொன்னார். நாமும் தலையசைத்துவிட்டு வந்தோம். சில ஆண்டுகள் கழித்து ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் அவர் களத்திலேயே மயங்கி விழுந்தார். (வளர்ந்துவிட்டவரை இனி ‘அவர்’ என்றே குறிப்பிடுவோம்.) விடியற்காலையிலிருந்து ஒரு வாய் நீர் அருந்தவில்லை என்பது பிறகு தெரிந்தது. மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர்தாம் அவர் கைகளின் அசைவையும் பேச்சையும் கவனித்துவிட்டு, “இவருக்கு ஆட்டிசம் இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்” என்றார். அதுவரை அவர் தாய் கேட்ட பெயர்கள் வேறு. கிறுக்கு, மந்தம், பேய் பிடித்தவன் என்பன அவை.

‘மதியிறுக்கம்’ என்று சிலர் இதனை மொழிபெயர்த்து எழுதுகின்றனர். மதி எங்கும் இறுகிப்போகவில்லை. ஆகவே அச்சொல் நமக்கு உடன்பாடன்று. ஆட்டிசம் என்றே சொல்வோம். இது தொற்றும் நோயன்று. தாய் வளர்த்த முறையால் வருவதும் அன்று. பிறவியிலேயே மூளை வேறு வகையாக அமைந்து வளர்வது. ஒருவர் நன்கு பேசுவார், இன்னொருவர் பேசவே மாட்டார். இருவருக்கும் இதே பெயர் பொருந்தும்.

மேஸ்திரி சொன்ன “சலிப்பே கிடையாது” என்ற சொல்லுக்கு வருவோம். அது பாதி உண்மை. ஆட்டிசம் உடைய பலர் வளர்ந்தபின் தம் அனுபவத்தைத் தாமே எழுதியும் பேசியும் உள்ளனர். ஓசையும் ஒளியும் மனிதர் முகங்களும் ஒரே நேரத்தில் வந்து மோதும் உலகில், அடுத்து என்ன நேரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு செயல் காலுக்குத் தரை போன்றது என்று அவர்களுள் பலர் சொல்கின்றனர். கையை உதறுவதும் உடலை ஆட்டுவதும் ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வதும் அவ்வாறு நிலைகொள்ளும் வழிகளே. நமக்கு ஆயிரம் கல்லும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அவர்களுள் சிலருக்கோ ஒவ்வொரு கல்லின் விளிம்பும் வேறு வேறு. அடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிது.

டைனா மரே, வென் லாசன், மைக் லெசர் என்னும் மூவர் 2005ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தனர். லாசன் தாமே ஆட்டிசம் உடையவர். கவனம் பலவற்றில் பிரிந்து செல்லாமல் ஒன்றிரண்டில் மட்டும் ஆழ்ந்து பாய்கிறது என்பது அக்கருத்து. நமது ஏரியை எண்ணிப் பாருங்கள். பல மதகுகள் திறந்திருந்தால் நீர் பிரிந்து பாயும். ஒரே மதகில் பாய்ந்தால் வேகம் மிகும். அந்த மதகைச் சொல்லாமல் கொள்ளாமல் அடைத்தால் கரைக்கு ஆபத்து. செய்யும் வேலையை இடையில் நிறுத்தி “இதை விடு, அதைச் செய்” என்று அதட்டும்போது அவர்கள் படும் துன்பம் அத்தகையது; அதனைப் பிடிவாதம் என்று நாம் பெயரிட்டோம். ஆழ்ந்து பாயும்போது தாகமும் பசியும் களைப்பும் கூடச் சிலருக்கு உள்ளே எட்டுவதில்லை. உடல் அனுப்பும் செய்தியை உணர்வதே அவர்களுக்குக் கடினம். சூளையில் மயங்கி விழுந்தவர் சலிக்காமல் உழைக்கவில்லை. நிறுத்தவேண்டிய நேரம் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவுமில்லை.

மற்றப் பாதியைக் கேளுங்கள். தாமே விரும்பி ஏற்ற திரும்பச் செய்தலும் பிறர் சுமத்திய திரும்பச் செய்தலும் ஒன்றல்ல. ஆட்டிசம் உடையோரும் சலிப்படைகின்றனர். தமக்குப் பொருளற்ற வேலையை நாள் முழுதும் செய்யச் சொன்னால் மற்றவரைவிட விரைவாகவே உடைந்துபோவோரும் உண்டு. எதை விரும்புகிறார், எதைத் தாங்குகிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதற்கு ஒரு வாழ்க்கை வரலாற்றைச் சான்றாகக் கூறுகிறோம். அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் மருத்துவராக இருந்த லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்பது தனியொரு நிலையென மருத்துவ உலகம் அறிய அக்கட்டுரையே காரணமாயிற்று. எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்ற அக்குழந்தைகளின் நாட்டத்தை அவர் அதில் வலியுறுத்தினார். அவருள் முதற் குழந்தை டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரெஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர், 1933இல் பிறந்தவர். நான்கு வயது நிரம்பும் முன்பே, 1937இல், அவரை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பெற்றோரே மீட்டு வந்தனர்.

1942இல் அவரை ஏறத்தாழ 10 மைல் தொலைவில் குத்தகைப் பண்ணை ஒன்றில் வாழ்ந்த கணவன் மனைவியிடம் ஒப்படைத்தனர். அந்த உழவர் இருவர்க்கும் மருத்துவம் தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததை நாம் அனைவரும் கற்கவேண்டும். சிறுவன் எதையும் அளந்துகொண்டே இருந்தான். கிணறு தோண்டச் சொல்லி அதன் ஆழத்தை அளந்து கூறச் செய்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தான். அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோள வரிசைகளை எண்ணுவதை நிறுத்தவே இல்லை. உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1945இல் கேனர் அங்குச் சென்றபோது, அச்சிறுவன் குதிரையைப் பூட்டி நீண்ட ஆறு சால்களை உழுததைக் கண்டு வியந்தார். எண்ணுவதை நிறுத்து என்று அடிக்கவில்லை. எண்ணுவதைத் தவிர வேறெதற்கும் ஆகான் என்று மூலையில் உட்கார வைக்கவும் இல்லை.

டொனால்ட் 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார், வங்கியில் பணம் வாங்கிக் கொடுக்கும் எழுத்தரானார், காரோட்டினார், நாள்தோறும் கோல்ஃப் ஆடினார், தனியே பல நாடுகளுக்குப் பயணம் சென்றார், 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். பள்ளிக் கட்டடத்தின் செங்கற்களை ஒரே பார்வையில் எண்ணிவிட்டார் என்றொரு கதை அவ்வூரில் வெகுகாலம் உலவியது. முதுமையில் இரு பத்திரிகையாளர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, எண்ணவே இல்லை, ஓர் எண்ணைச் சும்மா சொன்னேன், மற்ற மாணவர்கள் என்னை நல்லவிதமாக எண்ண வேண்டும் என்று விரும்பினேன் என்னும் பொருள்பட விடையளித்தார். எண்ணும் எந்திரம் என்று ஊர் எண்ணியிருந்த மனிதரின் உள்ளத்தில் இருந்த ஆசை அது.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்த வங்கி அவர் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமானது, தந்தை வழக்கறிஞர். கேனர் கண்ட 11 குழந்தைகளும் வெள்ளையர். கறுப்பின மக்களுக்குப் பள்ளியைக்கூடச் சட்டப்படியே தனியாகப் பிரித்து வைத்திருந்த அந்த மாநிலத்தில், பருத்திக் காட்டுக் கூலியின் பிள்ளைக்கு இதே இயல்பு இருந்திருந்தால் அவனை யார் பால்டிமோருக்கு அழைத்துச் சென்றிருப்பார்கள்? கேனர் 1971இல் அதே 11 பேரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து எழுதினார். அரசு மனநல விடுதிகளில் அடைபட்டோர் தம்மிடம் இருந்த திறமைகளையும் இழந்துவிட்டதைக் கண்டு, அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்கு ஒப்பானது என்ற முடிவுக்கு வந்தார்.

அதே நாட்டில் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், உடற்குறையோ மனக்குறையோ உடையோர்க்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்க முதலாளிகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்க வழி செய்தது. அதன் நிழலில் பொட்டலம் கட்டுவதும் திருகாணி பிரிப்பதுமாக வாழ்நாளைக் கழித்தோர் பலர். “இவர்களுக்கு இந்த வேலைதான் பிடிக்கும்” என்பதே அதற்கும் சொல்லப்பட்ட சமாதானம்.

தோழர்களே, இந்தச் சமாதானத்தை நாம் இதற்குமுன் கேட்டதில்லையா? பறை அடிப்பதும் பிணம் சுடுவதும் மலம் அள்ளுவதும் இவர்கள் கைக்கே பழகிய வேலை, இவர்களுக்கு நாற்றம் தெரியாது, களைப்புத் தெரியாது என்று நம் பாட்டன்மார்களைப் பார்த்துச் சொன்ன நாக்கு எது? ஒருவனின் திறமையையும் விருப்பத்தையும் கேளாமல், பெற்றோரின் பிறப்பைப் பார்த்துத் தொழிலைச் சுமத்தும் ஏற்பாட்டை அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பிளந்து காட்டினார். அந்நூலை இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் பரிசாக வழங்கும் கழகம் இது. அத்தகைய நாமே ஒரு சிறுவனைப் பார்த்து, இவனுக்கு ஏற்றது கல் அடுக்குவதுதான் என்று தலையசைத்தோம். இதைவிடப் பெரிய வெட்கம் நமக்கு வேறில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பு உண்டென்று சான்றிதழ் பெற்றோர்க்கு அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடங்கள் உள்ளன. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவை உடையோர்க்குரியது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையும் உண்டு. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு நடையாய் நடக்கும் நம் மக்கள் இந்தச் சான்றிதழுக்கு ஒரு நடையும் நடப்பதில்லை. பிள்ளைக்குக் குறை என்று ஊர் பேசும் என்ற அச்சம்.

கடந்த தைத் திங்களில் நாம் மூவர் அவர் வீட்டிற்குச் சென்றோம். இப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. எப்படியேனும் அவரைச் சூளையிலிருந்து மீட்டுவிட வேண்டும் என்பது நம் எண்ணம். நூலகத்தில் இடம் கொடுக்கலாம் என்றும் பேசி வைத்திருந்தோம். “என்ன வேலை விருப்பம்?” என்று கேட்டோம். விடை இல்லை. மூன்று நாள் கழித்து அவர் தாய் வந்து மகன் சொன்னதைச் சொன்னார். கல் அடுக்குவதே அவருக்கு வேண்டுமாம். லாரியில் ஏற்றும் வேலைக்குத் திடீரென மாற்றக் கூடாதாம். அடுக்கும்போது பக்கத்தில் யாரும் பாட்டு வைக்கக் கூடாதாம்.

உண்மையைச் சொன்னால் நமக்கு ஏமாற்றமே. நம் பிள்ளைகள் சூளையை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகத்தானே 25 ஆண்டுகள் உழைத்தோம்! ஆயினும் கேட்டது நாம், சொன்னது அவர். மேஸ்திரியிடம் சென்று பேசினோம். இதுவரை மற்றவர்க்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, இவருக்கு மட்டும் சோறும் கைச்செலவுக்குச் சில்லறையுமே கொடுத்து வந்தார்கள். நெடுநேர வாதத்திற்குப் பின் மற்றவர்க்குரிய கூலியே இவருக்கும் என்று ஒப்புக்கொண்டார். வேலை மாற்றம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுவதாகவும் வாக்களித்தார். மணிக்கொருமுறை தண்டவாளத் துண்டைத் தட்டி நீர் அருந்தச் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். அதற்கும் சரி என்றார். கூலி ஒழுங்காக வருகிறது. தண்டவாளத் துண்டு தொங்குகிறது. ஆனால் தட்டுவதற்குத்தான் ஆள் மறந்துபோகிறார்களாம். வரும் ஞாயிறன்று மீண்டும் செல்லவிருக்கிறோம். உடன் வர விரும்பும் இளைஞர்கள் காலை 7 மணிக்குக் கழக வாயிலில் இருங்கள்.