வேப்பமரத்தடியில் நின்றவர்



சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருவார். கடைசி வரிசையில், கதவை ஒட்டி நிற்பார். நற்செய்தி வாசகம் முடிந்து நான் மறையுரையைத் தொடங்கியதும் வெளியே போய்விடுவார். விசுவாச அறிக்கை சொல்லும்போது திரும்பி வருவார். ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, மாதக்கணக்கில் இப்படித்தான்.

'இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு அவர் எதைச் செய்தாலும் அது என் முடிவுக்குச் சாட்சியாகவே தெரிந்தது. பேசாமல் போனால் ஆணவம். வணக்கம் சொன்னால் நடிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் மறையுரையிலேயே சொல்லிவிட்டேன்: "சிலருக்கு இறைவார்த்தையைவிட வெளிக்காற்றுதான் இனிமையாக இருக்கிறது." கோவிலில் சிலர் சிரித்தார்கள்.

பிறகு வீடு சந்திப்புக்காக அவர் தெருவுக்குப் போனேன். வீட்டில் இருபது வயது மதிக்கத்தக்க மகன், மனவளர்ச்சி குன்றியவர். கோவில் பாட்டு என்றால் அமைதியாகக் கேட்பாராம். ஒலிபெருக்கியில் யாராவது உரக்கப் பேசினால் பதறிப்போவாராம். ஞாயிறுதோறும் கதவுக்கு வெளியே படிக்கட்டில் அந்த மகன் உட்கார்ந்திருந்ததை பீடத்திலிருந்து நான் பார்க்க முடியவில்லை. மறையுரை தொடங்கியதும் தகப்பனார் அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குத்தான்னு தெரியும் சாமி. மரத்தடியில நின்னாலும் உங்க பிரசங்கம் முழுசும் காதுல விழும்" என்றார். சொல்லிவிட்டு என் கையில் காப்பியைக் கொடுத்தார். அந்தக் காப்பியை என்னால் விழுங்க முடியவில்லை.

அன்பானவர்களே, என் கண் பார்த்தது ஒன்றே ஒன்று: அவர் வெளியே போனார். மீதி அத்தனையும் என் மனம் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட அந்தக் கதையில்தான் நான் மாதக்கணக்கில் வாழ்ந்தேன்.

எண்ணிக்கை நூல் 13, 14 அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். குலத்துக்கு ஒருவராக 12 பேரை மோசே கானான் நாட்டை உளவு பார்க்க அனுப்புகிறார். 40 நாள்கள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எசுக்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரு திராட்சைக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டிச் சுமந்து வருகிறார்கள். பன்னிருவரும் பார்த்தது ஒரே நாடு, ஒரே மதில், ஒரே மக்கள். ஆனால் காலேபும் யோசுவாவும் போகலாம் என்கிறார்கள். மற்றப் பத்துப் பேரும் முடியாது என்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் அரக்கர்கள், எங்கள் பார்வைக்கே நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் இருந்தோம், அவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருப்போம் என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இவர்கள் யாரைக் கேட்டார்கள்? யாரையும் கேட்கவில்லை. முதலில் தங்களைத் தாங்களே சிறியவர்களாக நினைத்தார்கள். பிறகு அந்த நினைப்பை அடுத்தவர் கண்ணில் கொண்டுபோய் வைத்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

அந்தப் பத்துப் பேரின் பயம் ஊரெல்லாம் பரவியது. மக்கள் இரவெல்லாம் அழுதார்கள். எகிப்துக்கே திரும்பலாம் என்றார்கள். பார்த்த நாள்கள் 40. பாலைவனத்தில் அலைந்த ஆண்டுகளும் 40.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாம் மனப்பிரமை என்று விவிலியம் சொல்லவில்லை. மதில்கள் உண்மை, ஆனாக்கின் வழிமரபினரும் உண்மை. காலேபு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பத்துப் பேர் அந்த மனிதர்களைத் தங்கள் உயரத்தோடு ஒப்பிட்டார்கள். காலேபு கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்த்தார். அவ்வளவுதான் வேறுபாடு. நோயை நோய் என்றும், கடனைக் கடன் என்றும் சொல்வதில் அவநம்பிக்கை இல்லை. கடவுளை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதுதான் அவநம்பிக்கை. அதே காலேபு தம் 85வது வயதில் யோசுவாவிடம் வந்து, ஆனாக்கியர் வாழ்ந்த அதே எபிரோன் மலைநாட்டைத் தமக்குத் தரும்படி கேட்டார்.

நம் வீடுகளில் எத்தனை வெட்டுக்கிளிக் கதைகள்! வெளிநாட்டு மகன் இரண்டு வாரம் ஃபோன் பண்ணவில்லை என்றால், 'என்னை மறந்துவிட்டான்' என்கிறோம். மருமகள் முகம் வாடியிருந்தால், 'என்னைத்தான் முறைக்கிறாள்' என்கிறோம். வேண்டுதல் கேட்கப்படவில்லை என்றால், 'கடவுளுக்கே நான் வேண்டாம்' என்கிறோம்.

இந்த நோய்க்குப் புனித இலொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கத்திலேயே மருந்து தருகிறார். அடுத்தவர் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ளவே ஒரு நல்ல கிறிஸ்தவர் முந்திக்கொள்ள வேண்டும். அது முடியாவிட்டால், என்ன பொருளில் சொன்னீர்கள் என்று அவரையே கேட்க வேண்டும். அவர் தவறாக எண்ணியிருந்தால் அன்போடு திருத்த வேண்டும். தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார் புனிதர். அந்த ஒரு கேள்வியை நான் முதல் மாதமே கேட்டிருந்தால், ஒரு தகப்பனைக் கோவிலில் அவமானப்படுத்தியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் பீடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னும் காயப்படுத்தியவன் எல்லார் முன்னும்தானே கேட்க வேண்டும்? கோவில் வாசல் ஒலிபெருக்கியையும் நிறுத்தச் சொன்னேன். அன்று அந்த இருவரும் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இன்றிரவு படுக்கப்போகும் முன் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்ததில் நான் பார்த்தது எது? நானாகச் சேர்த்தது எது? நாளை அவரிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி எது?

செபிப்போம். ஆண்டவரே, பார்வையற்றவருக்குப் பார்வை தந்தவர் நீர். பார்க்கிறோம் என்று நம்பியிருக்கும் எங்கள் கண்களையும் தொட்டருளும். ஆமென்.