மூன்றாவது எட்டு மணி நேரம்

(வீராம்பட்டினத்தில் மீனவர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று ஒரு நாடகக் கொட்டகைக்குப் போய்வந்த கதையைச் சொல்லப் போகிறோம். “ஆலையை மூடிவிட்டான், வயிறு காய்கிறது, இப்போது நாடகமா?” என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பேச்சு முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர், மீன் கூடை சுமக்கும் தாயார் ஒருவர், நடவுக்குப் போகும் பெண்கள் இருவர், வலை இழுக்கும் இளைஞன் ஒருவன், நாம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனால் வெள்ளைக்காரர்கள் வசித்த பகுதி. அங்கே ரொமேன் ரோலன் வீதியில் ஒரு பழைய சினிமாக் கொட்டகை. குமரன் வளவன் 2007இல் தொடங்கிய இண்டியானோஸ்ட்ரம் என்ற நாடகக் குழு பல வருஷம் அந்தக் கொட்டகையில்தான் இயங்கியது. குமரன் புதுச்சேரிக்காரர், பௌதிகம் படித்தவர், பிரான்சில் நாடகப் பயிற்சி பெற்று ஊர் திரும்பியவர்.

வாசலில் மீன்காரத் தாயார் நின்றுவிட்டார். “நம்ம மேல மீன் வாடை அடிக்குமே, உள்ள விடுவாங்களா?” என்றார். யாரும் தடுக்கவில்லை, தோழர்களே. வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பது நமக்கானது அல்ல என்று நூற்றாண்டுக் கணக்கில் நம் மனசில் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அதுதான் தடுத்தது.

அந்தக் குழு நடத்திய நாடகங்களில் ஒன்றின் பெயர் ‘சண்டாளா’. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையை நம் நாட்டுச் சாதிக் கொடுமைக்குள் கொண்டுவந்து நிறுத்திய நாடகம். இது சீமைக் கதையா? 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகி, முருகேசன் என்ற தம்பதியை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் நம்மைப் போல இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம். ஆலை வாசலில் ஒரே கொடியின் கீழ் நிற்கிறோம்; வீட்டுக்குத் திரும்பும்போது தெருத்தெருவாகப் பிரிந்து போகிறோம். இதை மேடையில் நின்று நாம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். கேட்பவர் தலையாட்டுவார், போய்விடுவார். நாடகத்திலோ கொலைகாரன் நம் வீட்டு அண்ணனாகவே வந்து எதிரே நிற்பான். எங்கே முகத்தைத் திருப்புவது?

திரும்பி வரும்போது பழைய ஆலைத் தொழிலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அது சரி, இந்த மாதிரி கம்பெனிக்கெல்லாம் முதலாளி யாரு?”

வாழ்நாள் முழுதும் தறி ஓட்டியவன் வேறெதைக் கேட்பான்? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சேதி சொல்கிறோம். பாரிஸ் நகரத்தில் ‘சூரிய நாடகக் குழு’ என்று ஒன்று இருக்கிறது. ஆரியான் முனுஷ்கின் என்ற அம்மையாரும் தோழர்களும் 1964இல் அதைத் தொடங்கினார்கள். எப்படித் தெரியுமா? தொழிலாளர் கூட்டுறவாக! அங்கே நடிகருக்கும் விளக்குப் போடுபவருக்கும் ஒரே சம்பளம். நடிப்பவர்களே சமைக்கிறார்கள், பார்க்க வந்தவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த அம்மையாரே வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறார். அவர்கள் கொட்டகை ஒரு காலத்தில் தோட்டா செய்த பழைய ராணுவத் தொழிற்சாலை. முதலாளி இல்லாமலே அறுபது வருஷமாக ஓடுகிறது, தோழர்களே!

அந்தக் குழுதான் 2016 தொடக்கத்தில் இண்டியானோஸ்ட்ரத்தைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்தது. வந்தவர்கள் எதைக் கற்றார்கள்? நம் தெருக்கூத்தை! செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்துப் பரம்பரையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கு வாத்தியார். அந்த வருஷமே பாரிஸில் அவர்கள் அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தில் கூத்துக் கட்டினார்கள். கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கையில் நம் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவன் அதே கூத்தின் அடவுக்குக் கால் வலிக்கப் பயிற்சி எடுக்கிறான். பாரிஸ்காரன் மெச்சினால்தான் நம் கலைக்கு மதிப்பா? இல்லை. ஆனால் நம் கையில் இருப்பது இன்னதென்று நமக்கே தெரியவில்லையே!

இப்போது முன்வரிசைத் தோழரின் கேள்விக்கு வருவோம்.

1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரி சவானா ஆலையில் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் பன்னிரண்டு தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. தோழர் வ.சுப்பையா தலைமையில் நம் முன்னோர் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம். மிச்சமுள்ள எட்டு மணி நேரம் எதற்காக? மனிதனாக வாழ்வதற்காக! படிக்க, பேச, பாட, சிரிக்க, யோசிக்க. அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்துக்காகவும்தான் பன்னிரண்டு பேர் ரத்தம் சிந்தினார்கள்.

நாங்கள் போன கொட்டகை இருந்த வீதிக்குப் பெயர் கொடுத்த ரொமேன் ரோலன், 1903இலேயே மக்களின் நாடக அரங்கம் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். உழைத்துக் களைத்தவனுக்கு நாடகம் முதலில் இளைப்பாறுதல் தரவேண்டும், பிறகு தெம்பு தரவேண்டும், அறிவுக்கு வெளிச்சமும் தரவேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நம் மூன்றாவது எட்டு மணி நேரம் எங்கே போகிறது? பாதி சாராயக்கடைக்கு, பாதி கையளவுக் கண்ணாடித் திரைக்கு. ஏ.எப்.டி. ஆலையை 2020இல் மூடினார்கள், வேலை பறிபோனது. அதோடு தொழிலாளிகள் தோளோடு தோள் நின்ற இடமும் பறிபோனது. கூடுவதற்கு இடமில்லாத வர்க்கம் எப்படிப் போராடும்? ஆகவேதான் நாடகம் பேசுகிறோம், தோழரே.

ஒரு சுயவிமர்சனமும் உண்டு. அந்தக் கொட்டகை நம் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது. நாம் எத்தனை தடவை போனோம்? ஒரு தடவை. ஆறு பேர். ‘அது படித்தவர்கள் சமாசாரம்’ என்று நாமே ஒதுக்கிவிட்டோம். சின்னச் சின்ன நாடகக் குழுக்கள் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் திண்டாடுகின்றன. உழைக்கும் ஜனங்கள் போய் உட்காராவிட்டால் அவற்றை யார் காப்பாற்றுவார்? பணக்காரன் தயவில் நின்றால் நாடகம் அவனைப் பற்றி வாய் திறக்குமா?

கேரளத்தைப் பாருங்கள். 1952இல் கே.பி.ஏ.சி. குழு தோப்பில் பாசி எழுதிய ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்’ நாடகத்தைப் போட்டது. சர்க்கார் 1953இல் தடை விதித்தது. ஜனங்கள் விட்டார்களா? நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. ஐந்தே வருஷத்தில், 1957இல், அங்கே கம்யூனிஸ்ட் மந்திரிசபை வந்தது. நாடகத்தால்தான் வந்தது என்று சொல்லவில்லை. நாடகம் இல்லாமல் வரவில்லை என்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்? செங்கழுநீரம்மன் தேரை ஊரே கூடி இழுக்கிறோமே, அந்தப் பலம் போதாதா? வலை பின்னும் கொட்டகை ராத்திரியில் காலியாகத்தான் கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அதைக் கேட்டு வாங்குவோம். கூத்து தெரிந்த பெரியவரை அழைத்து இளைஞர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அடவு சொல்லிக் கொடுக்கச் செய்வோம். குப்பத்துப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரவேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. மூடிய ஆலைகளின் நிலத்தில் தொழிலாளர் கலையரங்கம் ஒன்று வேண்டுமென்று சர்க்காரிடம் கோரிக்கை வைப்போம். புதுச்சேரியில் எந்தச் சின்னக் குழு நாடகம் போட்டாலும் பத்துப் பேராவது கூட்டமாகப் போவோம். மீன் வாடையோடே போவோம்!

அன்று வாசலில் தயங்கிய அந்தத் தாயார் இன்று இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேலே பார்த்தீர்களானால், இந்தக் கூட்டத்துக்கு விளக்கும் பாயும் அவர் வீட்டிலிருந்து வந்தவைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வலைக்கொட்டகையைப் பெருக்க முதலில் வருவது யார்? பெயர் கொடுங்கள், தோழர்களே!