கண்ணம்மா யாரு?

இன்னைக்கு ஒரு பாட்டு, அதனால எங்க வீட்டுல நான் பண்ணின ஒரு தப்பு.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் முடிச்சு காலையில கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்து, சைக்கிளை ஸ்டாண்ட் போடும்போதே பாரதியார் பாட்டு ஒண்ணை முணுமுணுப்பார். கண்ணம்மாவைக் கிளின்னும் செல்வமேன்னும் கொஞ்சுற பாட்டு. உள்ளே டீ போடுற அம்மா முகத்துல ஒரு சிரிப்பு வரும்.

காலேஜ்ல 'கண்ணன் பாட்டு' புத்தகம் கையில கிடைச்சுது. 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பிச்சது. அதுல அந்தப் பாட்டின் தலைப்பு, 'கண்ணம்மா என் குழந்தை'. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது என்ற குறிப்பும் இருக்கு. லீவுக்கு வந்ததும் அம்மாகிட்ட காட்டினேன்: "இது காதல் பாட்டே இல்லம்மா." அப்பாவும் தெரியாம, "ஆமா, அது இவன் தூங்காம அழுதப்போ பாட ஆரம்பிச்சது" என்றார். அம்மா, "ஓ, நான் எனக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்று சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. சரியான பதிலைச் சொல்லிட்டு இவ்வளவு கஷ்டமா நான் உட்கார்ந்ததே இல்லை.

அம்மா ஏன் அப்படிக் கேட்டாங்க? முதல் காரணம், தலைப்பு. புத்தகத்துல தலைப்பு இருக்கு. பாட்டாகக் காதுக்கு வரும்போது இல்லை. நம்ம பாஷையில, டைப் டிக்ளேர் பண்ணின லைன் மட்டும் அழிஞ்சுபோன கோடு. பாரதி பைரவி ராகம்னு குறிச்ச பாட்டு, 1951-ல் 'மணமகள்' படத்துல எம்.எல்.வசந்தகுமாரி குரலில் ராகமாலிகையாகி வீடு வீடாகப் போச்சு. தலைப்பு கூடப் போகலை.

இரண்டாவது, நம்ம மொழி. 'அடி' என்ற விளியை மகளுக்கும் சொல்வோம், மனைவிக்கும் சொல்வோம், தோழிக்கும் சொல்வோம். அணைப்பும் முத்தமும் அதனால் வரும் மயக்கமும் இரண்டு அன்புக்கும் பொது. மணிரத்னம் 2002-ல் இதே பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு 'கன்னத்தில் முத்தமிட்டால்'. பேரை மட்டும் கேட்டா காதல் படம்; உள்ளே போனா, பெத்த அம்மாவைத் தேடிப் போகிற ஒரு சின்னப் பொண்ணோட கதை.

அப்போ யார் எப்படி வேணா அர்த்தம் சொல்லலாமா? அப்படி இல்லை. "பாரதி இதை மனைவிக்காக எழுதினார்" என்று யாராவது சொன்னா, அது தகவல். புத்தகத்தை வெச்சு மறுக்கலாம், மறுக்கணும். "இது எனக்காகப் பாடினது" என்று அம்மா நினைச்சது வேற. அது பாரதியைப் பத்தின கருத்தே இல்லை. அந்த வாசல், அந்த விடியற்காலை, அந்தக் குரல் பத்தினது. அதைத் திருத்த என்கிட்ட எந்தப் புத்தகமும் கிடையாது.

இன்னொரு விஷயம், நான் அன்னைக்கு முழுசாப் படிக்கலை. அதே 'கண்ணன் பாட்டில்' கண்ணம்மா குழந்தையாக வர்றா, காதலியாக வர்றா, குலதெய்வமாகவும் வர்றா. 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துல ஹரிஹரன் பாடுற பாரதி பாட்டு அந்தக் காதலி பகுதிதான். ஒரே பேருக்குள்ள மூணு உறவையும் வெச்சவர் பாரதியேதான். அம்மா பாட்டு மாறிக் கேட்டிருக்கலாம். கண்ணம்மாவைத் தப்பாப் புரிஞ்சுக்கலை.

போன மாசம் இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன், மன்னிப்பு மாதிரி. கீரை ஆய்ஞ்சுகிட்டே கேட்டாங்க. "பாரதியார் யாரை நெனச்சு எழுதினாரோ எனக்குத் தெரியாதுடா. உங்க அப்பா யாரைப் பார்த்துப் பாடினாருன்னு எனக்குத் தெரியும்."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டார்.

உங்க வீட்டுல அப்படி ஒரு பாட்டு இருந்தா, திருத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.