எடுத்த இடம் இயம்புக
(சங்கத்தின் ஆண்டு விழாவில், தாணேயில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுதல் மரபு. அத்தொன்மையைச் சான்றுடன் பேசுவது எவ்வாறு என்பது பற்றி இன்று சில கூற விழைகின்றோம்.

நம் குடியிருப்புகளிலிருந்து மின்சார வண்டியேறிக் கல்லூரிகளுக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். அவர்கள் கட்டுரையும் ஆய்வேடும் எழுதுகின்றனர். பிறர் நூலிலிருந்து கருத்தையோ சொல்லையோ எடுத்தால், எடுத்த இடத்தைக் குறிக்கவேண்டுமென்று ஆசிரியர்கள் வற்புறுத்துகின்றனர். மாணவருட் சிலர் இதனை மேனாட்டார் வகுத்த வெறுஞ்சடங்கென எண்ணி, ஆய்வேடு முடிந்த பின் ஓரிரவில் நூற்பட்டியல் ஒன்றை இறுதியில் ஒட்டிவிடுகின்றனர். இது சடங்கன்று, நம் முன்னோர் போற்றிய நெறி. அந்நெறி நின்ற இடங்களில் தமிழ் பிழைத்தது. அது தளர்ந்த இடங்களில் தமிழ் தேடித் தவித்தது. இதனை இரண்டொரு சான்றுகளால் காட்டுவோம்.

முன்னோர் நெறி

தொல்காப்பியத்தைப் புரட்டுவோர் 'என்ப', 'என்மனார்' என்னும் சொற்களை அடிக்கடி காண்பர். தமக்கு முன்னிருந்த புலவர் கூறினர் என்று தொல்காப்பியர் ஒப்புக்கொள்ளும் சொற்கள் அவை. நூலாசிரியர் கொள்ளத்தக்க மதம் ஏழென நன்னூல் வகுக்கின்றது. பிறர் கருத்தை உடன்படுதல், மறுத்தல், ஏற்றுப் பின் களைதல், பிறர் நூற் குற்றங் காட்டல் ஆகியன அவற்றுட் சில. உடன்படுவதாயினும் மறுப்பதாயினும், அக்கருத்து யாருடையது என்று முதலில் தெரியவேண்டுமன்றோ?

குறுந்தொகையைத் தொகுத்தவர் செய்ததை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது. சில பாடல்களைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பெயரில்லை என்று விட்டுவிடாமல், பாடலில் வந்த அரிய தொடரையே பாடியவருக்குப் பெயராக்கினர். செம்புலப் பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. பெயர் தெரியாத புலவனுக்கும் உரிய இடத்தை மறுக்காத மரபு நம்முடையது.

சொல்லாததால் நேர்ந்த அலைச்சல்

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம், அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவினார். அன்று தொடங்கிய தேடல் 1887இல் அந்நூற் பதிப்பாக நிறைவேறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐயரவர்கள் பட்ட பாட்டில் ஒன்று நம் பொருளுக்கு நேரே உரியது. சிந்தாமணிக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர் பல செய்யுளடிகளை மேற்கோளாகக் காட்டுகின்றார். ஆனால் அவை வரும் நூலின் பெயரைப் பல இடங்களில் சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுகின்றார். உரையாசிரியர் காலத்துப் பயில்வோர்க்கு அந்நூல்கள் மனப்பாடம். பெயர் சொல்லத் தேவை தோன்றவில்லை. நூற்றாண்டுகள் கழிந்தபோது நூல்களை அறிந்தாரும் மறைந்தனர். மேற்கோள்கள் மட்டும் முகவரியற்ற கடிதங்கள் போல நின்றன.

ஐயரவர்கள் சோர்ந்தாரல்லர். திருவாவடுதுறை மடத்து ஏட்டுச் சுவடிகளைத் துருவியபோது, அங்கே பத்துப்பாட்டும் தொகைநூல்களும் வெளிப்பட்டன. உரையில் கண்ட அடிகள் அச்சுவடிகளில் எதிர்ப்பட்டன. 'பிறர்' என்று சொல்லப்பட்டவர் யாவர் என்பது விளங்கிற்று. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் அச்சேறின. இவ்வாறு அலைந்து அறிந்தவர் தம் பதிப்புகளில் என்ன செய்தார்? எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்பதை முகவுரையில் எழுதினார், மேற்கோள் வந்த இடங்களைத் தேடிக் குறித்தார், அகராதிகளைச் சேர்த்தார். தாம் பட்ட அலைச்சல் பின்வருவோர்க்கு வேண்டாவென்று கருதிய பேருள்ளம் அது.

சொன்னதால் பிழைத்தவை

மறுபுறத்தையும் காண்போம். முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக இன்று இல்லை. நமக்கு எஞ்சியவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே. தகடூர் யாத்திரையும் வளையாபதியும் அவ்வாறே சிதறின. இவற்றின் பாடல்களிற் பெரும்பகுதி புறத்திரட்டு என்னும் தொகை நூலால் பிழைத்தது. எடுத்த பாடலோடு எடுத்த நூலின் பெயரையும் அத்தொகை காத்துத் தந்தது. தொகுத்தவர் தம் பெயரை எங்கும் குறிக்கவில்லை. பிறர் நூற்பெயரைக் குறிக்க மறக்கவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலை எழுத முடிந்ததும் இத்தகைய மேற்கோள்களின் துணையால்தான். ஆகவே மேற்கோள் காட்டுதல் நன்றிக்கடன் மட்டுமன்று, நூலுக்கு உயிர்க்காப்புமாகும்.

நம்மூர்ச் சான்று

பழங்காலம் இருக்கட்டும், தாணே நகருக்கே வருவோம். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து இவ்வூருக்குப் புகைவண்டி வந்தது. 34 கிலோமீட்டர் தொலைவு, பதினான்கு பெட்டிகள், ஏறத்தாழ நானூறு விருந்தினர். வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று? 57 நிமிடம் என்று சிலர் எழுதுகின்றனர். ஒன்றே கால் மணி என்று வேறு சிலர் எழுதுகின்றனர். எங்கிருந்து எடுத்தோம் என்று இருசாராரும் சொல்லாவிடின் எதனை நம்புவது? சொல்லியிருந்தால் அக்காலச் செய்தித்தாளையும் இரயில்வே நிறுவனத்தின் அறிக்கையையும் தேடிச் சென்று ஒப்பிடலாம்.

'இந்தியாவின் முதல் இரயில்' என்று பள்ளிப் பிள்ளை எழுதும் தொடரிலும் எச்சரிக்கை வேண்டும். சென்னையை அடுத்த செங்குன்றத்தில் 1830களிலேயே கல் சுமக்க இருப்புப்பாதை இடப்பட்டது. எனவே 'முதல் பயணிகள் இரயில்' என்பதே பொருந்தும். மூலத்தைத் தேடும் பழக்கம் நம் சொல்லையும் திருத்துகின்றது.

செய்யும் முறை

மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறுவோம்.

படிக்கும்போதே குறித்துவிடுக. ஆசிரியர், நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம் ஆகிய ஆறும் குறிப்பேட்டில் அன்றே ஏறவேண்டும். பின்னர்த் தேடலாமென்பது கைகூடாது. பிறர் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோட் குறியுள் அடக்குக. கருத்தை மட்டும் எடுத்து நம் சொல்லில் எழுதினாலும் இடத்தைச் சொல்லுக. சொல்லை மாற்றியதால் கருத்து நமதாகிவிடாது.

பதிப்பைக் குறிப்பிடுக. திருக்குறளுக்கு எண் கூறினாற் போதுமென எண்ணுகின்றோம். ஆனால் மணக்குடவர் கொண்ட வைப்புமுறையும் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையும் பல அதிகாரங்களில் வேறுபடும். யாருடைய முறைப்படி எண் தருகின்றோம் என்பதும் தெரியவேண்டும்.

பெயரில் கவனம் வேண்டும். மராட்டியர்க்குக் குடிப்பெயர் உண்டு. நமக்குத் தந்தையின் பெயர் தலையெழுத்தாக நிற்கும். இங்கே பள்ளிப் பதிவேட்டில் 'ஆட்நாவ்' என்னுமிடத்தில் தந்தையின் பெயரை நிரப்புகின்றோம். நூற்பட்டியலிலும் அவ்வாறே செய்தால், மகள் எழுதிய நூலுக்குத் தந்தை ஆசிரியராகிவிடுவார்! 'சாமிநாதையர், உ. வே.' என்றும் 'வேங்கடசாமி, மயிலை சீனி.' என்றும் இயற்பெயரை முன்வைப்பதே தமிழ்ப்பெயர்க்கு ஏற்ற முறை.

காணாத நூலைக் கண்டதாகக் காட்டற்க. ஒருவர் நூலில் மற்றொருவரின் மேற்கோளைக் கண்டால், இன்னாரிடம் கண்ட இன்னாரின் கூற்று என்று உள்ளவாறு எழுதுக. இக்காலத்தில் கேட்டவுடன் விடை எழுதித் தரும் கணினிச் செயலிகள் உள்ளன. அவை சில வேளைகளில் இல்லாத நூலுக்கும் ஆசிரியரையும் பக்க எண்ணையும் படைத்துத் தந்துவிடுகின்றன. நூலைக் கண்ணாற் கண்ட பின்னரே பட்டியலிற் சேர்க்க. நூல் தேட இடமில்லையென்று வருந்தவேண்டா. 1804இல் தோன்றிய ஏஷியாட்டிக் சொசைட்டியின் நூலகம் கோட்டைப் பகுதி டவுன் ஹாலில் இருக்கின்றது. நம் வண்டிப் பாதையின் மறுமுனை அது.

பிறர் எழுத்தைத் தமதாக்குவோர்க்குச் சட்டமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை நூற்றுக்குப் பத்துக்கு மேல் நாற்பது வரையாயின், ஆறு திங்களுக்கு மேற்படாத கெடுவுள் திருத்தித் தரவேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையாயின், திருத்திய ஏட்டையும் ஓராண்டுக்குத் தர இயலாது. அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். முறைப்படி இடஞ்சுட்டிய மேற்கோள்கள் இக்கணக்கிற் சேரா. நேர்மையாக எடுத்தாள்வோர்க்கு அச்சமில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இறுதியாகப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழர் எப்போது இங்கே வந்தனர், எந்தத் தொழிலில் அமர்ந்தனர், எந்தத் தெருவில் முதலிற் குடியேறினர் என்பனவெல்லாம் இன்று முதியோர் நாவில் வாழ்கின்றன. குடும்பப் பெட்டிகளில் படங்கள் கிடக்கின்றன. பின்புறத்தில் பெயருமில்லை, ஆண்டுமில்லை. நாளை நம் பேரப்பிள்ளை ஒருவர் இவ்வூர்த் தமிழர் வரலாற்றை ஆய்வேடாக எழுதப் புகுந்தால், அவருக்கும் 'என்றார் பிறரும்' என்பதே எஞ்சலாமா? சொன்னவர் யார், சொன்ன நாள் எது, படத்தில் நிற்பவர் எவர் என்று இன்றே எழுதி வைப்போமாக. அடுத்த மலரில் வரும் ஒவ்வொரு கட்டுரையும் தன் சான்றைச் சுமந்து வருமாக.