சங்கத்தின் பெயரும் இணையத்தின் பதிவேடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் இணையதளம் அவ்வப்போது திறவாமற் போவது ஏன், அதனைச் சீர்செய்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணியைப் போற்றும் மேடைக்கு இஃது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். யான் கணினி அறிஞன் அல்லன்; வரலாறு பயின்று, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருப்பவன். எனினும், பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன். இப்பொருள் அடியிலிருந்து முடிவரை பதிவேடு பற்றியதே ஆதலின், துணிந்து வந்துள்ளேன்.

இணையத்திலுள்ள கணினி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை மனிதர் நினைவிற் கொள்ளல் அரிது. ஆகையால் எண்ணுக்கு ஈடாக ஒரு பெயரை வைத்தனர். தொடக்க நாளில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஒரே கோப்பில் எல்லாப் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. அதனையே ஏனையோர் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக, ஒரே ஏட்டைக் கட்டிக் காத்தல் இயலாதாயிற்று. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் பதிவேட்டைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் முறையொன்றை வகுத்தார். டி.என்.எஸ். என்று இன்று வழங்குவது அதுவே. டொமைன் என்பதற்குக் களப்பெயர், ஆள்களப்பெயர் என்றெல்லாம் தமிழாக்கங்கள் உள. யான் 'தளப்பெயர்' என்றே வழங்குகிறேன், கேட்டவுடன் விளங்குகிறது.

இங்கு முதற்கண் மனத்திற் பதிக்க வேண்டுவது, தளப்பெயர் வேறு, தளம் வேறு என்பதாகும். பெயரை நமக்குப் பதிந்து தருபவர் ஒருவர். அப்பெயர் எந்த எண்ணைச் சுட்டும் என்னும் ஏட்டை வைத்திருப்பவர் மற்றொருவர்; அவரைப் பெயர்ச் சேவையகம் என்பர். நம் பக்கங்கள் குடியிருக்கும் கட்டடத்தைத் தருபவர் மூன்றாமவர். மூன்றையும் ஒரே நிறுவனம் செய்வதும் உண்டு. மூன்றும் மூன்று ஊர்களில் இருப்பதும் உண்டு. தளம் திறக்கவில்லை என்றவுடன் மூவருள் ஒருவரைத் தொலைபேசியில் கடிந்துகொள்வது நம்மவர் வழக்கம். எவரிடத்துப் பிழை என்று அறிந்த பின்னரே கடிதல் முறை.

அதனை அறியத் திரையில் தோன்றும் சொற்களே போதும். பெயரையே கண்டறிய இயலவில்லை என்று உலாவி கூறுமாயின், பிழை பதிவிலோ ஏட்டிலோ உள்ளது. கட்டடத்தைக் குறை கூறிப் பயனில்லை. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று 404 என்னும் எண்ணோடு விடை வருமாயின், ஏதோ ஒரு கட்டடத்தை அடைந்துவிட்டோம், அறைதான் இல்லை என்று பொருள். இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை வருமாயின், அக்கட்டடம் நம் பெயருக்குரிய சான்றிதழை இன்னும் பெறவில்லை, அல்லது பெற்றது காலாவதியாயிற்று என்று கொள்ளலாம். இச்சான்றிதழ்களின் ஆயுள் குறுகியது. அவை தாமே புதுப்பிக்கப்படுமாறு அமைத்தல் வேண்டும். ஏடு சரியான எண்ணைச் சுட்டாதவரை அப்புதுப்பித்தலும் பெரும்பாலும் நிகழாது. மாணவன் நோயைச் சொல்லும் முன்னர் மருந்து எழுதும் மருத்துவர் போன்று, இச்சொற்களைப் படியாமலே அமைப்புகளை மாற்றத் தொடங்குவோர் இரண்டாவது பிழையைத் தாமே உண்டாக்கிவிடுகின்றனர்.

இனி, சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததனைக் கூறுகின்றேன். பொறுப்பாளர்கள் சிலர் முழுதும் அறியார் ஆதலின், இது பதிவாதல் நன்று.

நம் தளம் பழைய கட்டடத்திலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டது. உதவித்தொகை விண்ணப்பம் புதிய தளத்தில் வெளியிடப்பட்டது. நகர அலுவலகத்தில் திறந்து பார்த்தோர் யாவருக்கும் அது நன்கு தெரிந்தது. ஆயினும், ஊர்ப்புறங்களிலிருந்து வரவேண்டிய விண்ணப்பங்கள் வரவில்லை. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று செயற்குழுவிலேயே பேச்சு எழுந்தது. நம் பிள்ளைகள் மீது இக்குற்றச்சாட்டைப் பிறர் கூறக் கேட்டு நாம் வளர்ந்தோம். நம் வாயாலும் அது வந்தது. பின்னர் ஒரு மாணவி தன் கைப்பேசித் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அதில் இருந்தது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதனைப் படித்தவர்கள் திரும்பிச் சென்றதில் என்ன வியப்பு?

ஒரே பெயர் இருவருக்கு இரு கட்டடங்களைக் காட்டுவது எவ்வாறு? இணைய எண்கள் இரு வகைப்படும். பழைய வகை, புள்ளியிட்ட நான்கு எண்களால் ஆனது. ஏட்டில் அதனை 'ஏ' பதிவு என்பர். புதிய வகை, எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட தொடர். அதனை 'நான்கு ஏ' பதிவு என்பர். தளத்தை மாற்றியவர் 'ஏ' பதிவைத் திருத்தினார். 'நான்கு ஏ' பதிவைத் தொடவில்லை. அது பழைய கட்டடத்தையே சுட்டி நின்றது. நகர அலுவலகத்தின் இணைப்பு பழைய வகையை மட்டுமே அறியும். கைப்பேசி இணைப்புகளோ பெரும்பாலும் புதிய வகையையே முதலில் நாடும். அலுவலகத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தவர்களும் அலுவலக வைஃபையிலேயே பார்த்தனர்; ஆதலால் அவர்களுக்கும் பிழை தென்படவில்லை. வைஃபையை நிறுத்திவிட்டுப் பார்த்த அக்கணமே பழைய அறிவிப்பு கண்முன் நின்றது.

அந்த ஒரு பதிவை நீக்கச் சில நிமிடங்களே பிடித்தன. கடைசி நாள் பத்து நாட்கள் நீட்டிக்கப்பட்டது; விண்ணப்பங்கள் வந்தன. ஆயினும், முதலில் திரும்பிச் சென்ற ஒருத்தி அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டாள். இவ்வாண்டு அவளை மீண்டும் கல்லூரிக்கு அழைத்துவரக் கிளைச் சங்கத்தார் முயன்று வருகின்றனர்.

பெயரின் முன் மூன்று 'டபிள்யூ' இட்டால் திறக்கிறது, இடாவிட்டால் திறக்கவில்லை என்பது மற்றொரு முறையீடு. ஏட்டில் இவ்விரண்டும் இரு வேறு பெயர்கள். இரண்டுக்கும் தனித்தனியே பதிவு வேண்டும். 'டபிள்யூ' இட்ட பெயருக்கு, 'இன்ன பெயரைக் காண்க' என்னும் சி-நேம் பதிவை இடலாம். வெறும் பெயருக்கோ விதிப்படி அதனை இடலாகாது. அங்கே வேறு கட்டாயப் பதிவுகள் இருப்பதே காரணம். எண்ணைத்தான் இட வேண்டும். நம் அழைப்பிதழ்களில் எவ்வடிவம் அச்சாகியுள்ளது என்பதனையும் உடன் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

திருத்திய பின்னும் பழையதே தெரிகிறது என்பார்க்கு ஒரு சொல். ஒருமுறை பெற்ற விடையை இடையிலுள்ள கணினிகள் குறித்த காலம்வரை நினைவில் வைத்திருக்கும். அக்காலம் ஏட்டிலேயே விநாடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 86400 என்றிருந்தால் ஒரு முழு நாள். தளத்தை மாற்ற எண்ணுவோர் முன்கூட்டியே அதனை 300 ஆகக் குறைத்து, பழைய காலம் கழிந்த பின் மாற்றுதல் அறிவுடைமை. 'அப்பெயர் இல்லை' என்ற விடையும் சிறிது காலம் நினைவில் நிற்கும். ஆகவே பதிவை இடும் முன்னரே ஆவலால் திறந்து பார்த்தல் வேண்டா. பெயர்ச் சேவையகத்தையே மாற்றுவோர், பழைய ஏட்டிலுள்ள மின்னஞ்சல் பதிவுகளையும் படியெடுத்தல் வேண்டும். இன்றேல் தளம் திறக்கும். சங்கத்துக்கு வரும் கடிதங்கள் நின்றுபோகும்.

இவை யாவும் ஒருநாள் வேலை. இனிக் கூறப்போவது அத்தகையது அன்று.

இப்பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது? பல சங்கங்களில், தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தம் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதிந்து வைத்திருக்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வெளிநாடு சென்றால்? மின்னஞ்சலை மாற்றினால்? செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் நம் முன்னோர்க்கென வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள் எத்தனை, ஏட்டளவில் பிறர் பெயருக்கு மாறின என்பது இவ்வவைக்குப் புதிதன்று. அனுபவம் நம்முடையதாகவும் பட்டா பிறருடையதாகவும் இருப்பதன் விளைவை நாம் நன்கறிவோம்.

பெயரை விலைக்கு வாங்குவதாகச் சொல்லுகிறோம். உண்மையில் குத்தகைக்கே எடுக்கிறோம். புள்ளி ஆர்க் என முடியும் பெயரை ஒரே வேளையில் பத்தாண்டுக்கு மேற் பதிய இயலாது. கெடு முடியும் முன் ஏறத்தாழ ஒரு மாதத்திலும் ஒரு வாரத்திலும் நினைவூட்டல் வரும். அது பதிந்தவரின் மின்னஞ்சலுக்கே வரும். கெடு கடந்தால், பதிவாளரின் விதிப்படி சிறிது காலம் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். பதிவாளர் பெயரை நீக்கிய பின் முப்பது நாட்களுக்குள் மிகுந்த கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதன்பின் ஐந்து நாட்களில் அது பொதுவெளிக்கு வந்துவிடும். வந்ததும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். நம் அறிக்கைகளிலும் ரசீதுகளிலும் அச்சான அதே பெயரில் சூதாட்ட விளம்பரத்தை ஒருவர் நடத்தினால், நம் பெற்றோர்க்கு யாது விடை கூறுவோம்?

ஆகவே, கிளைச் சங்கங்கள் அடுத்த செயற்குழுவிலேயே தீர்மானம் இயற்ற வேண்டுகிறேன். பதிவு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். அதற்குரிய மின்னஞ்சல் அதே தளப்பெயரில் அமைந்ததாக இருத்தலாகாது. பெயர் முடங்கும் நாளில் அம்மின்னஞ்சலும் முடங்குமன்றோ? புதிதாய்ப் பதிவோரின் மின்னஞ்சலைச் சரிபார்க்கும் மடல் வந்தால் பதினைந்து நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். அம்மடலை விளம்பரம் என்று கருதி அழித்துவிட்டுப் பெயர் முடக்கப்பட்டோர் உண்டு. கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருத்தல் வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது சாவிக் கொத்தோடும் ரசீதுப் புத்தகத்தோடும் அதுவும் ஒப்படைக்கப்பட்டுக் கையொப்பம் பெறப்பட வேண்டும்.

பிற்பகல் 3 மணிக்குக் கீழறையில் ஒரு கணினி வைக்கப்படும். தத்தம் சங்கத்தின் தளப்பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவருவோர்க்கு, அஃது என்றுவரை செல்லும், எந்த எண்ணைச் சுட்டுகிறது என்பவற்றை மேல்வகுப்பு மாணவர் இருவர் பார்த்துச் சொல்லுவர். பதிந்தவர் யார் என்பது பெரும்பாலும் வெளியே தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பணம் கட்டிய ரசீதைத் தேடி எடுத்து வாருங்கள்.